வாயிற்கதவை மூடாதீர்கள்: மோட்டார் பந்தயம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயங்களை நடத்தும் மன்றங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றுக்கு அனுமதியும் நிதியும் வழங்கும் அதிகாரிகளுக்கும்,

வரும் பருவத்தின் உள்ளூர்ப் பந்தயங்களுக்குப் பொதுமக்களை அனுமதிப்பதில்லை என்றும், அணிகளின் விருந்தினர்களும் விளம்பரதாரர்களின் அழைப்பிதழ் பெற்றவர்களும் மட்டுமே உள்ளே வரலாம் என்றும் நம் பந்தய மன்றங்களில் ஒன்று அணிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை அண்மையில் என் கைக்கு வந்தது. அதே தாளின் அடியில், போதிய பதிவுகள் வராத காரணத்தால் பழைய கார்களுக்கான புதுமுகப் பிரிவு நிறுத்தப்படுகிறது என்று இரண்டு வரிகள் இருந்தன. கூட்டம் வருவதில்லை, ஆகவே கதவை மூடுகிறோம். ஓட்டுநர்கள் வருவதில்லை, ஆகவே பிரிவை எடுத்துவிடுகிறோம் என்பதே அந்த இரண்டு முடிவுகளுக்கும் பின்னால் இருக்கும் கணக்கு. அவர்கள் ஏன் வருவதில்லை என்று யாரும் கேட்டுப் பார்த்ததற்கான அடையாளம் அந்தத் தாளில் எங்கும் இல்லை. அந்த மன்றத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இந்தப் போக்கு ஒரே ஒரு மன்றத்தோடு நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் கோவை மாவட்டத்தில் கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவன். பந்தய நாட்களில் சிறிய அணிகளுக்கு மெக்கானிக்காக வேலை செய்திருக்கிறேன். சில பருவங்களில் கொடி காட்டும் மார்ஷலாகத் தடத்தின் ஓரத்தில் நின்றிருக்கிறேன். கேலரியில் இருப்பவர்களின் முகமும், அணிகள் தங்கள் கார்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் பிட்டில் இருப்பவர்களின் பணப்பையும் இரண்டுமே தெரியும் இடம் அது. அங்கிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

இந்த மண்ணில் மோட்டார் பந்தயத்துக்குக் கூட்டம் வராது என்று சொல்பவர்கள் சோழவரத்தை மறந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றை வைத்துக்கொண்டு, 1950களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அங்கே பந்தயம் நடந்தது. நிரந்தரக் கேலரி போன்ற வசதிகள் பெரிதாக இல்லாத அந்த இடத்துக்குச் சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனவர்களை இன்றும் சந்திக்கலாம். எந்த ஆண்டு எந்தக் கார் எந்த வளைவில் சுழன்றது என்று அவர்கள் சொல்வார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. 2003இல் கோவை செட்டிபாளையத்தில், பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான கரிவரதன் நினைவாக அவர் பெயரையே தாங்கிய 2.1 கிலோமீட்டர் தடம் வந்தது. நாட்டிலேயே நிரந்தரப் பந்தயத் தடங்கள் மிகச் சிலவாக இருக்கும்போது, அவற்றில் மிகப் பழமையானவை நம் மாநிலத்தில் இருக்கின்றன. தடம் மேம்பட்டது, கார்கள் மேம்பட்டன, பாதுகாப்பும் எவ்வளவோ மேம்பட்டது. பார்க்க வந்தவர்களை மட்டும் வழியில் எங்கோ விட்டுவிட்டோம்.

பந்தயம் என்றால் தமிழர்களுக்குப் புரியாது என்ற பேச்சையும் பிட்டில் கேட்டிருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளா நடக்கும் நாளில் 200 மீட்டர், 300 மீட்டர் ஓட்டத்தைப் பார்க்கக் காலையிலேயே வந்து வெயிலில் நிற்கும் ஊர்களை அவர்கள் பார்த்ததில்லை போலும். தென்மாவட்டங்களில் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு, எல்லாவற்றிலும் சிறிய பூஞ்சிட்டு என்று பிரிவு பிரித்து ஓட்டுகிறார்கள். பெரிய மாடு வாங்க வசதியில்லாதவருக்கும் அங்கே ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவை வென்றவருக்கும் ஊரார் முன்னிலையில் பரிசு கொடுக்கிறார்கள். போட்டியைப் பிரிவு வாரியாக நடத்தினால்தான் ஆள் சேரும் என்பது கிராமத்து விழாக் குழுவுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் நிறுத்தியிருப்பது மோட்டார் பந்தயத்தின் பூஞ்சிட்டுப் பிரிவை.

இப்போது ஒரு சாதாரணக் குடும்பம் பந்தயம் பார்க்கக் கிளம்பினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பந்தயம் எந்த வாரம் என்பதே பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்புதான், அதுவும் சமூக வலைத்தளத்தில் ஆங்கிலத்தில் ஒரு படமாக வெளிவருகிறது. பேருந்து நெடுஞ்சாலையில் இறக்கிவிடும்; அங்கிருந்து தடத்துக்கு வழி காட்டும் பலகை ஒன்றுகூட இருக்காது. வாயிலில் காவலாளி, "யாரு அனுப்பினாங்க?" என்று கேட்பார். உள்ளே வந்தால் கேலரிக்குக் கூரை கிடையாது, குடிநீர் கிடையாது. பெண்களுக்கான கழிப்பறை பிட்டுக்குப் பின்னால் இருக்கும். அங்கே போக அடையாள அட்டை வேண்டும். ஒலிபெருக்கி பிட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அறிவிப்பும் ஆங்கிலத்தில்தான். ஒரு விபத்தால் பந்தயம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் அதைக் கேலரியில் இருப்பவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. தடம் ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது என்று தெரியாமலே அவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கொடிகளைத் தூக்கிக்கொண்டு வேலியோரமாக அடுத்த முனைக்கு நடந்துகொண்டிருந்தேன். மகளைத் தோளில் உட்காரவைத்திருந்த ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, இப்ப யாரு முதல்ல போறாங்க?" என்று கேட்டார். அந்தக் குழந்தை முதல் லேப்பிலிருந்து, அதாவது தடத்தின் முதல் சுற்றிலிருந்து, ஒரு நீலக் காருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது. அந்த நீலக் கார் ஒரு லேப் பின்தங்கியிருந்தது. முன்னால் போவது வெள்ளைக் கார் என்று நான் சொன்னபோது, அதே நிறத்தில் நான்கு கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. கதவில் ஒட்டியிருந்த எண் விளம்பர ஸ்டிக்கர்களுக்கு நடுவே உள்ளங்கை அகலம்தான் இருந்தது. அந்த எண்ணை நானே பல முறை தவறாகப் படிக்கும் அளவுக்கு இருக்கும்போது, முதன்முறையாக வந்தவர் எப்படிப் பந்தயத்தைத் தொடர்வார்? அதே நாளில் சுற்றுச்சுவரின் மேல் உட்கார்ந்திருந்த பக்கத்து ஊர்ப் பையன்களைக் காவலாளிகள் கீழே இறக்கிவிட்டார்கள். ஆபத்தான இடம், இறக்கியது சரிதான். ஆனால் அவர்களை வாயில் வழியாக உள்ளே கூட்டிவந்து பாதுகாப்பான இடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எஞ்சின் சத்தத்தை வைத்தே கியர் மாற்றும் இடத்தைச் சொன்ன பையன்கள் அவர்கள்.

இந்த ஆர்வம் நாடு முழுக்க இருக்கிறது என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோது, நம் ஊரில் எத்தனை பேர் இரவெல்லாம் கைப்பேசியில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ஓட்டுநர் மாற்றம், பெட்ரோல் நிரப்பும் நேரம், டயர் தேய்மானம் என்று என் பட்டறைக்கு வரும் இளைஞர்கள் பேசத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். அவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிபாளையத்திலோ அடுத்த பந்தயம் எப்போது என்று தெரியாது. துபாய்த் தடத்தின் வளைவுகளைத் தெரிந்துகொண்டவர்களுக்கு, தங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் தடத்தை அறிமுகம் செய்துவைக்க யாரும் முன்வரவில்லை.

அடுத்து, குறுந்தடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒரு மைலுக்கும், அதாவது சுமார் 1.6 கிலோமீட்டருக்கும் குறைவான நீள்வட்டத் தடங்களில் ஊருக்கு ஊர் சனிக்கிழமை மாலைகளில் பந்தயம் நடக்கிறது. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் போமன் கிரே என்ற விளையாட்டரங்கில், அமெரிக்கக் கால்பந்துத் திடலைச் சுற்றி ஓடும் கால் மைல் தடத்தில் 1949 முதல் வாராந்தரப் பந்தயங்கள் நடந்துவருகின்றன. கால் மைல் என்பது ஏறத்தாழ 400 மீட்டர். நம் மாவட்ட விளையாட்டுத் திடல்களில் பிள்ளைகள் ஓடும் ஓட்டத் தடத்தின் நீளமும் அதுதான். அங்கே ஓட்டுபவர்களில் மிகப் பலர் வார நாட்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். பார்க்க வருபவர்களில் பலர் அவர்களின் அண்டை வீட்டார், உடன் வேலை செய்வோர், உறவினர்.

இதில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் கேலரியில் உட்கார்ந்திருப்பவர், தன் முன்னால் காரைச் சில வினாடிகள் பார்க்கிறார். பிறகு அது திரும்பி வர ஏறத்தாழ இரண்டு நிமிடம் காத்திருக்கிறார். முந்துவதெல்லாம் அவர் கண்ணுக்கு எட்டாத வளைவில் நடந்துமுடிந்துவிடுகிறது. குறுந்தடத்தில் முழு ஓட்டமும் ஒரே பார்வையில் அடங்கும். லேப் ஒன்றுக்கு இருபது வினாடியே போதும். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பதைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். முதலில் பத்துப் பதினைந்து லேப் கொண்ட சிறிய ஓட்டங்கள், அவற்றின் முடிவை வைத்துக் கடைசியில் ஒரு பெரிய ஓட்டம் என்று நிகழ்ச்சியை அமைக்கிறார்கள். பல தடங்களில் முந்தைய ஓட்டத்தில் வேகமாக ஓட்டியவர்களை வரிசையின் பின்னால் நிறுத்திவிடுகிறார்கள். வேகமானவர் முன்னேறித்தான் ஆக வேண்டும் என்பதால் கொடி அசைந்த நொடியிலிருந்து முந்தல் நடந்துகொண்டே இருக்கிறது. பந்தயம் முடிந்ததும் பிட்டைத் திறந்துவிடும் தடங்கள் ஏராளம். பிள்ளைகள் காருக்குள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். நம்மிடம் பரிசளிப்புகூடப் பிட்டுக்குப் பின்னால், விருந்தினர்கள் முன்னிலையில் முடிந்துவிடுகிறது. காசு கொடுத்து வந்தவர் வென்றவரின் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போகிறார்.

அமெரிக்கக் குறுந்தடங்களோடு நமக்குத் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நுழைந்த முதல் இந்தியரான நம் நரேன் கார்த்திகேயன், 2010இல் நாஸ்கார் என்ற அமெரிக்கப் பந்தய அமைப்பின் டிரக் தொடரில் முதன்முதலாக ஓட்டியது மார்ட்டின்ஸ்வில் என்ற குறுந்தடத்தில். அதன் சுற்றளவு ஏறத்தாழ 850 மீட்டர். முன்பின் பார்த்திராத வகை வண்டியில், நெருக்கியடித்து ஓடும் அந்தத் தடத்தில் அவர் 13ஆவதாக வந்தார். அந்தப் பருவத்தின் முடிவில், ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மிக விரும்பப்படும் ஓட்டுநர் விருது அவருக்குக் கிடைத்தது. நம் ஆள் ஒருவர் ஓட்டுகிறார் என்றால், தடம் எந்த நாட்டில் இருந்தாலும் நம் மக்கள் தேடிப்போய் ஆதரிப்பார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? உள்ளூர்த் தடத்தில் ஓடும் பையன் எந்த ஊர், என்ன வேலை பார்க்கிறான், போன பந்தயத்தில் யாரிடம் தோற்றான் என்று சொல்லிக் கொடுங்கள். அவன் ஊரே வேன் பிடித்து வரும்.

ஓட்டுநர்கள் ஏன் வருவதில்லை என்பதற்கு விடை பணத்தில் இருக்கிறது. அதை நான் பட்டறையில் அன்றாடம் பார்க்கிறேன். லேத் பட்டறையில் வேலை செய்யும் ஓர் இளைஞர், பழைய எஸ்டீம் கார் ஒன்றை வாங்கி, இரவு நேரங்களில் என் பட்டறையின் மூலையில் நிறுத்தி அதைப் பந்தயத்துக்குத் தயார் செய்தார். உள்ளிருந்த இருக்கைகளையும் கம்பளத்தையும் பிரித்தெடுத்து, கார் உருண்டாலும் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜை விதிப்படி பற்றவைத்தோம். குழாயின் ஒவ்வொரு பற்றும் பரிசோதனையில் தட்டிப் பார்க்கப்படும் என்பதால், சந்தேகம் வந்த இரண்டு இடங்களை அறுத்தெடுத்து மறுபடியும் பற்றவைத்தார். தீப்பிடிக்காத உடை, அங்கீகரிக்கப்பட்ட ஹெல்மெட், கழுத்துக் காப்பு, உரிமம், மருத்துவச் சான்று, நுழைவுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தவர், டயருக்குப் பணம் கட்டும் வாரத்தில் அந்தச் சுற்றறிக்கையைப் படித்தார். அந்தக் கார் இப்போது தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. மேல் பிரிவில் ஓட்ட வேண்டுமானால் இன்னும் சில இலட்சங்கள் வேண்டும். அல்லது ஒரே வகைக் காரை வாடகைக்கு எடுத்து ஓட்டும் போட்டிக்குப் போக வேண்டும். அதற்கும் ஒரு பருவத்துக்கு இலட்சக் கணக்கில் செலவாகும், அதுவும் தன் கையால் செய்த காரை விட்டுவிட்டு.

போதிய பதிவுகள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிரிவில் பதிவு குறைந்த கதை எனக்குத் தெரியும். விதி தளர்வாக இருந்ததால், வசதி படைத்த ஓரிருவர் சட்டத்துக்கு உட்பட்டே எஞ்சினுக்குள் பெரும்பணத்தைக் கொட்டினார்கள். கேம் ஷாஃப்ட், பிஸ்டன், கியர் விகிதம் என்று ஒவ்வொன்றும் மாறியது. மற்றவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு பருவம் முழுக்கக் கடைசி வரிசையில் ஓடியவர் அடுத்த பருவம் ஏன் வருவார்? அமெரிக்கக் குறுந்தடங்கள் சிலவற்றில் இதற்கென்றே ஒரு விதி உண்டு: பந்தயம் முடிந்தபின், அறிவிக்கப்பட்ட ஒரு விலையைக் கொடுத்து, வென்ற காரின் எஞ்சினைப் போட்டியாளர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தர மறுத்தால் பரிசும் புள்ளியும் போய்விடும். நூறு ரூபாய்க்குக் கேட்டு வாங்கக்கூடிய எஞ்சினில் ஐந்நூறு ரூபாயை யாரும் போட மாட்டார்கள். முத்திரையிட்ட எஞ்சின், எல்லோருக்கும் ஒரே டயர், ஒரு நாளைக்கு இத்தனை டயர்தான் என்ற வரம்பு ஆகியவையும் இதே நோக்கத்துக்காக வந்தவைதாம். பிரிவை மூடுவதற்கு முன் இவற்றில் ஒன்றையாவது முயன்று பார்த்திருக்கலாம்.

மலிவான காரே வீரர்களை உருவாக்கும் என்பதை இந்த மாநிலம்தான் நாட்டுக்குக் காட்டியது. மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினை வைத்துக் கோவையில் கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, வெளிநாட்டு பந்தயக் கார் வாங்க முடியாத ஒரு தலைமுறையைத் தடத்துக்குக் கொண்டுவந்தது. நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியதும் அந்த வகைக் காரில்தான். தெருவில் ஓடும் காரின் எஞ்சின், உள்ளூர்ப் பட்டறையில் செய்த சட்டகம், கைக்கு எட்டிய உதிரிபாகங்கள் ஆகியவற்றை நம்பிக் கரிவரதன் செய்ததை, அவர் 1995இல் விமான விபத்தில் மறைந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் மிஞ்சவில்லை என்றே நினைக்கிறேன். இன்று ஆட்கள் அவர் காலத்தைவிட அதிகமாகவே இருக்கிறார்கள். பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்த காருடன் போட்டியிடும் ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகள் கோவைத் தடத்திலேயே நடந்திருக்கின்றன. சஸ்பென்ஷன் கணக்கிலிருந்து வயரிங் வரை சொந்தமாகச் செய்த அந்தப் பிள்ளைகள், பட்டம் வாங்கிய மறுநாள் பந்தயத்தை விட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் போய்ச் சேர ஒரு பிரிவு வேண்டாமா? பந்தய வீராங்கனை அலிஷா அப்துல்லா கார், பைக் இரண்டிலும் ஓட்டிக் காட்டிய மாநிலத்தில், என் பட்டறைக்குப் பயிற்சிக்கு வரும் மாணவிகள் "நாங்களும் ஓட்டலாமா சார்?" என்று கேட்கும்போது அனுப்பிவைக்க எனக்கு ஓர் இடம் வேண்டும்.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத் தடத்தில் நடந்த இரவுப் பந்தயத்தை நான் எதிர்த்தவன் அல்லன். மிக்ஜாம் புயலால் முந்தைய ஆண்டு தள்ளிப்போன அந்தப் பந்தயம் கடைசியில் நடந்தபோது மகிழ்ந்தேன். மோட்டார் பந்தயம் வீட்டுக்கு வீடு பேச்சானது அதனால்தான். ஆனால் பேச்சு எழுந்த பிறகு அந்த ஆர்வத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடம் வேண்டும். வட கரோலினா மாநில அரசு, 1996க்குப் பிறகு பெரிய பந்தயங்களை இழந்து பாழடைந்து கிடந்த நார்த் வில்க்ஸ்பரோ என்ற ஒரு கிலோமீட்டர்த் தடத்துக்கு, 2021இல் 1.8 கோடி டாலர் ஒதுக்கியது. அடுத்த ஆண்டே அங்கே உள்ளூர்ப் பந்தயங்கள் திரும்பின. 2023இல் நாஸ்காரின் நட்சத்திரப் பந்தயமும் வந்தது. அரசுப் பணம் நிலையான சிறிய தடத்துக்குப் போனால் ஆண்டு முழுக்கப் பயன்படும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் பைக் பந்தயம் ஓட்டி, காவல்துறையிடம் வண்டியைப் பறிகொடுத்து, சில வேளை உயிரையும் விடும் இளைஞர்களுக்கு நாம் காட்டக்கூடிய மாற்று இடம் அதுவே.

பாதுகாப்பில் எந்தச் சலுகையும் நான் கேட்கவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் இரண்டு போட்டியாளர்களை இழந்தோம். ஒருவர் அனுபவம் மிக்க கார் பந்தய வீரர், மற்றவர் 13 வயதே நிரம்பிய பைக் வீரர். குறுந்தடத்தில் வேகம் குறைவு என்றாலும் சுவர் பக்கத்தில் இருக்கும், கார்கள் ஒன்றோடொன்று உரசி ஓடும். ஆகவே தடுப்புச் சுவர், பார்வையாளர் வேலி, தீயணைப்பு, ஆம்புலன்ஸ், பயிற்சி பெற்ற மார்ஷல்கள் இல்லாமல் ஒரு ஓட்டம்கூட நடக்கக் கூடாது. கட்டணத்தைக் குறைப்பதற்காக ரோல் கேஜ் விதியையோ ஹெல்மெட் தரத்தையோ தளர்த்துமாறு யாராவது சொன்னால் அவர்களை முதலில் எதிர்ப்பவன் நான். செலவைக் குறைக்க வேண்டிய இடம் எஞ்சினும் டயரும். ஓட்டுநரின் உயிர்க்காப்பு அன்று.

என் கோரிக்கைகள் இவை. பொதுமக்களுக்குக் கதவை மூடும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். அழைப்பிதழ் இல்லாதவர்களுக்கும் நுழைவுச்சீட்டு கொடுங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கும் தடத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் மக்களுக்கும் கட்டணம் வாங்காதீர்கள். புதுமுகப் பிரிவை மீண்டும் தொடங்குங்கள், இம்முறை எஞ்சினுக்கு அறிவிக்கப்பட்ட விலை, ஒரே டயர் என்ற விதிகளோடு. முதல் பருவத்தில் ஆறு கார்கள் மட்டுமே வந்தாலும் நிறுத்த மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கூறுங்கள். மூன்று பருவங்களாவது ஓடினால்தான் ஒரு மெக்கானிக் நம்பிக் கார் கட்டுவான்.

தடம் முழுவதையும் பயன்படுத்தாமல், இருக்கும் தடத்தின் கேலரிக்கு எதிரே உள்ள பகுதியை வளைத்து ஒரு தற்காலிகக் குறுந்தடம் அமைத்து, மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, ஒரே நேரத்தில், தவறாமல் பந்தயம் நடத்துங்கள். ஆண்டின் நாட்காட்டியைப் பருவம் தொடங்கும் முன்பே தமிழில் வெளியிடுங்கள். தமிழில் வர்ணனை செய்ய, பந்தயம் தெரிந்த ஒருவரை நியமியுங்கள். கேலரியைப் பார்த்து ஒலிபெருக்கி வையுங்கள். காரின் கதவில் எண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைப் பரிசோதனை விதியிலேயே சேருங்கள். நிழல், குடிநீர், பெண்களுக்கான கழிப்பறை, நெடுஞ்சாலையிலிருந்து பேருந்து ஆகியவற்றைப் பந்தய அனுமதியின் நிபந்தனைகளாக அதிகாரிகள் ஆக்க வேண்டும். பரிசளிப்பைக் கேலரியின் முன்னால் நடத்தி, அதன் பிறகு அரை மணி நேரமாவது பிட்டைத் திறந்துவிடுங்கள்.

அரசிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். புதிதாகத் திட்டமிடப்படும் மாவட்ட விளையாட்டு வளாகங்களில், குடியிருப்புகளிலிருந்து தள்ளியிருக்கும் ஒன்றில், 400 மீட்டர் நீள்வட்டத் தடம் ஒன்றைச் சோதனை முயற்சியாகக் கட்டித் தாருங்கள். கார்ட்டிங் பிள்ளைகளும் கல்லூரி அணிகளும் பழைய கார்க்காரர்களும் அதை ஆண்டு முழுக்கப் பகிர்ந்துகொள்வார்கள்.

இவற்றை முடிவுசெய்யும் முன், அடுத்த பருவத்தின் நாட்காட்டி வெளிவருவதற்குள், ஓட்டுநர்களையும் மெக்கானிக்குகளையும் மார்ஷல்களையும் கேலரியில் உட்காரும் ரசிகர்களையும் அழைத்து ஒரு திறந்த கூட்டம் நடத்துங்கள். அந்தக் கூட்டத்தின் நாளையும் இடத்தையும் தமிழில் அறிவியுங்கள்; எழுதிய கோரிக்கைகளோடும் விதி வரைவோடும் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
கோவை மாவட்டத்துப் பந்தய மெக்கானிக் ஒருவர்